காதில் இருப்பது போன் இல்லை

ஜூன் 3, செவ்வாய்

காது பார்க்கிற பெண் ஜெசிந்தா தினமும் எழுதச் சொல்லியிருக்கிறாள். எது கேட்டது, எது கேட்கவில்லை, எங்கே இரைச்சலாக வந்தது என்று எழுதிக்கொண்டு போனால் அதை வைத்து மெஷினைத் திருத்தித் தருவாளாம். எனக்குச் சரக்கு வரவு எழுதித்தான் பழக்கம். இதையும் அப்படியே எழுதுகிறேன். யாரும் படிக்கப்போவதில்லை, அதனால் ஒளிக்கவும் வேண்டாம்.

எனக்கு இரண்டு காதும் போய்க்கொண்டிருக்கிறது. இரைச்சல் கேட்கும், பேச்சு கேட்காது. இரண்டு வருசமாக வலப்பக்கம் மட்டும் மெஷின் போட்டிருந்தேன். போன வாரம் இரண்டு பக்கமும் புதுசு வாங்கினேன். காங்கயத்தில் வாங்கினால் சாயங்காலத்துக்குள் சந்தை முழுக்கத் தெரிந்துவிடும் என்று கோயமுத்தூர் போனேன். தோல் நிறத்தில் ஒன்றைக் காட்டினாள். வேண்டாம் என்றேன். பையன்கள் பாட்டுக் கேட்க மாட்டிக்கொள்கிற மாதிரியே கறுப்பில் ஒன்று இருந்தது. விலை கேட்காமல் எடுத்தேன். ஒரு வியாபாரி விலை கேட்காமல் ஒன்றை வாங்குகிறான் என்றால் அவன் மறைக்கிற விசயம் அந்த விலையைவிடப் பெரிசு.

இது போனோடு வயரில்லாமல் சேர்ந்துகொள்கிறது. கூப்பிட்டவர் குரல் நேராகக் காதுக்குள் வரும். அதனால் சந்தையில் எல்லோரும் பழையதைப் போலவே இதையும் ப்ளூடூத் என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும்.

ஜூன் 5, வியாழன்

குக்கர் விசில் கேட்டது. எதிர்வீட்டு நாய் கேட்டது. இத்தனை நாளும் அது குரைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. தெய்வாத்தாள் கூப்பிட்டது கேட்கவில்லை. அப்புறம் யோசித்தால், என் பெண்டாட்டி கூப்பிடுவதையே விட்டு ரொம்ப நாளாகிறது. ஏதாவது வேண்டுமென்றால் எதிரில் வந்து நின்றுதான் பேசுகிறாள். சாப்பிடும்போது எனக்கு வலப்பக்கமே உட்காருகிறாள். இடப்பக்கம் ஃபேன் காற்று நன்றாக வரும்; சொன்னால் கேட்கமாட்டாள். அவள் குணம் அப்படி.

ஜூன் 9, திங்கள்

மண்டியில் நல்ல கூட்டம். பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் விலை ஏறுகிற சமயம். பின்னால் நின்று யாரோ ஏதோ கேட்டிருக்கிறார்கள், எனக்குத் தெரியவில்லை. இன்னொருத்தன் அவனை அடக்குவது மட்டும் கேட்டது.

“பொட்டாட்ட இருய்யா, அண்ணன் லைன்ல இருக்காரு.”

நான் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன். கைகட்டி நின்றார்கள். லைனில் ஒருத்தரும் இல்லை. இதுதான் என் தொழில் ரகசியம். பதில் சொல்லாமல் இருந்தால் பெரிய மனுசன். கேட்கவில்லை என்று சொன்னால் செவிடன். இரண்டும் ஒரே காதுதான்.

சென்னியப்பன் வந்திருந்தான். வெள்ளகோவில்காரன். என்னைப் போலவே சைக்கிளில் மூட்டை ஏற்றி ஆரம்பித்தவன். சரக்கு எடுக்க மாசம் ஒரு தரமாவது மும்பைக்கு விமானத்தில் போய், அங்கிருந்து ரயிலில் அகோலா வரைக்கும் ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம். அவன் பெண்டாட்டி வள்ளி இறந்து ஒன்றரை வருசம் ஆகிறது. அதிலிருந்து பாதியாக இளைத்துவிட்டான். ஆனால் இப்போது தீவன மில் போடவேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறான். இடம் அவனுடையது, மெஷின் ரெண்டு பேருடையது, கொள்முதல் என்னுடையது. ஆடி பிறப்பதற்குள் கையெழுத்து.

“மில்லுக்கு மொதலே உன்ற காதுதான் மாப்ளே. எந்த மூலையில எவன் ரேட்டை முணுமுணுத்தாலும் உனக்குத் தெரிஞ்சிருது. அதுக்குத்தான் உன்னையக் கூட்டுச் சேத்தறேன்.”

சிரித்தேன். வேறென்ன செய்ய? காதுக்காகச் சேர்க்கிறவனிடம் காதில்லை என்று எப்படிச் சொல்வது? இந்த மில் கிடைத்தால் இனி மண்டியில் வெயிலில் நிற்க வேண்டியதில்லை. இது தெரிந்தால் மில் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

ஜூன் 12, வியாழன். மும்பை

விமானத்தில் கதவு சாத்தியதும் பணிப்பெண் வந்து காதைக் காட்டினாள். கழற்றி டப்பாவில் போட்டுக்கொண்டேன். அப்புறம் இஞ்சின் உறுமல் ஒன்றுதான். முன்வரிசை ஆள் ஓடுபாதை வரைக்கும் மடிக்குள் போனை வைத்துத் தட்டிக்கொண்டே இருந்தான். அவனை ஒருத்தரும் கேட்கவில்லை. மறைக்கத் தெரிந்தவனுக்குத்தான் காலம்.

சென்னி பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டே வந்தான். வாய் அசைவது தெரிந்தது. ரேட்டாகத்தான் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டேன். தூங்குகிறவனிடம் யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. விமானத்தில் நான் நிஜமாகத் தூங்கி இரண்டு வருசமாகிறது. நடிப்புக்குக் கூலி கழுத்துவலி.

ஜூன் 18, புதன்

ஜெசிந்தாவிடம் இதுவரை எழுதியதைப் பார்த்துச் சொன்னேன். நாய் விசயம் அவளுக்குச் சந்தோசம். விமானத்தில் கழற்றுகிறேன் என்றதும் முகம் மாறிவிட்டது.

“ஏன் சார் கழட்றீங்க? இது போன் கணக்குலயே வராது. போனை மட்டும் ஃப்ளைட் மோட்ல போடுங்க. கேட்டாங்கன்னா காது மெஷின்னு சொல்லுங்க. ரெண்டு வார்த்தை.”

“பக்கத்து சீட்டுல ஆள் இருப்பாங்கம்மா.”

“இருந்தா? மூக்கு மேல கண்ணாடி போட்டிருக்கீங்களே, அதைக் கூலிங் கிளாஸ்னா சொல்லிக்கறீங்க?”

வாய்க்காரப் பெண். ஆனால் வியாபாரம் தெரியாது. கண்ணாடி போட்டால் படித்தவன் என்பார்கள். காதில் மாட்டினால் கிழவன் என்பார்கள். அதற்கப்புறம் நாம் சொல்கிற ரேட்டுக்கு மரியாதை கிடையாது.

ஜூன் 27, வெள்ளி

நேற்று நடந்ததை இன்று எழுதுகிறேன்.

கோயமுத்தூர் விமான நிலையத்தில் காபி குடிக்கும்போது சென்னி சொன்னான்: “மாப்ளே, இன்னிக்குத் தூங்கிறாதே. உங்கிட்டச் சித்தெ பேசோணும். கீழ வெச்சுப் பேசற பேச்சு இல்ல அது.”

மில் விசயம்தான், பங்கை மாற்றப்போகிறான் என்று நினைத்தேன். அப்படி ஒரு பேச்சைக் காதில்லாமல் எதிர்கொள்ள முடியுமா? இன்று கழற்றுவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டேன். ஜெசிந்தா சொன்ன மாதிரி போனை ஃப்ளைட் மோடில் போட்டேன்.

கதவு சாத்தியாயிற்று. பணிப்பெண் வந்தாள். தமிழ்ப் பெண்தான், சட்டையில் ஷெரின் என்று இருந்தது.

“சார், இயர்ஃபோனக் கழட்டிருங்க.”

சென்னி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. வந்ததை விழுங்கிவிட்டு இதைச் சொன்னேன்:

“ஒரு முக்கியமான கால்மா. ரெண்டு நிமிசம்.”

“கால் பேசக் கூடாது சார். போனை ஃப்ளைட் மோட்ல போடுங்க.”

“அது அப்பவே போட்டாச்சு.”

“அப்புறம் எப்படி சார் கால் வரும்?”

முப்பது வருசமாகச் சந்தையில் நிற்கிறேன், ஒருத்தனும் என்னை இப்படிக் கையும் களவுமாகப் பிடித்ததில்லை. பின் சீட்டில் சிரித்தார்கள். எனக்கு முகம் சுட்டது. அவள் பொறுமையாகத்தான் மறுபடியும் சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மண்டியில் இது எப்போதும் பலிக்கும். விமானத்தில் பலிக்கவில்லை.

விமானம் நகர ஆரம்பித்தது. அவள் இன்னொருத்தியோடு வந்தாள். இதற்குள் ஆளாளுக்குப் பேச, மெஷின் எல்லாவற்றையும் ஒரே இரைச்சலாக்கிக் காதில் கொட்டியது. யார் என்ன கேட்கிறார்கள் என்றே தெரியவில்லை. தெரியாதபோது நான் வாயைத் திறப்பதில்லை. ஆக, அவர்கள் கேட்கக் கேட்க நான் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒருத்தன் எழுந்து நின்று, “யோவ், உன் ஒருத்தனால எல்லாரும் சாகோணுமா?” என்றது மட்டும் கேட்டது. இன்னொருத்தன் முதலிலிருந்தே போனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். ஒருத்தரையும் போனைத் தொடாதே என்று சொல்லவில்லை என்பது அப்போதுகூட எனக்கு உறைத்தது.

சென்னி எனக்காக எழுந்தான். “ஏம்மா, அவரு யாருன்னு தெரியுமா? காங்கயத்துல வந்து கேட்டுப்பாரு!” நல்லதுக்குத்தான் சொன்னான். அதோடு முடிந்தது. விமானம் நின்று, வந்த வழியே திரும்பியது.

காக்கிச் சட்டை இரண்டு பேர் ஏறி வந்தார்கள். அப்போதும் நேரம் இருந்தது. இரண்டு வார்த்தை சொல்லியிருந்தால் மன்னிப்புக் கேட்டு உட்கார வைத்திருப்பார்கள். “நீ போ சென்னி, நான் அடுத்ததுல வர்றேன்” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன். கீழே ஆபீசில் என்ன சாதனம் என்று கேட்டார்கள். ‘ப்ளூடூத் இயர்ஃபோன்’ என்று என் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த விமானத்தில் ஏற்றமாட்டோம் என்று அப்புறம்தான் சொன்னார்கள்.

ஜூன் 29, ஞாயிறு

வீடியோ ஊர் முழுக்கச் சுற்றுகிறது. ‘போனைக் கழற்ற மாட்டேன்: திமிர் பிடித்த வியாபாரி’ என்று தலைப்பு. மண்டியில் இதனால் மரியாதை கூடிவிட்டது என்பதையும் எழுதவேண்டும்.

“அண்ணன் பிளேனையே நிறுத்திப்போட்டாரு!”

“பைலட்டே வந்து கெஞ்சுனாராமா?”

“கெஞ்சட்டுமே. யாரு காது அது!”

ஒருத்தன் என்னோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டான். முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தால் தெய்வாத்தாளின் தங்கச்சி போனில் அழுதிருக்கிறாள், சொந்தம் ஒறம்பரை எல்லாம் கேட்கிறார்களாம், மாமா ஏன் இப்படி ஆயிட்டார் என்று. தெய்வாத்தாள் என்ன பதில் சொன்னாள் என்று கேட்டேன்.

“சோலி நெறையக் கெடக்குது, அப்பறம் கூப்புடறேன்னு வெச்சுட்டேன்” என்றாள்.

ஜூலை 2, புதன்

விமானக் கம்பெனியில் இருந்து மெயில். பத்தாம் தேதி விசாரணை, வீடியோவில் வந்தால் போதுமாம். ஓய்வு பெற்ற நீதிபதி ஒருவர் தலைமை. முடிவு தெரியும் வரை பறக்கத் தடை. குற்றம் உறுதியானால் மாசக்கணக்கில் தடை நீளும்.

சென்னி அகோலாவில் இருந்து திரும்பிவிட்டான். தனியாகச் சரக்கு எடுத்திருக்கிறான், சுமார் சரக்கு. “நீ இல்லாம கையொடிஞ்ச மாதிரி இருந்துது. கமிட்டியில மன்னிப்பு எழுதிக் குடுத்துட்டு வந்து சேரு” என்றான். விமானத்தில் பேச வந்த விசயம் என்ன என்று கேட்டேன். “அது இருக்கட்டும்” என்று போய்விட்டான்.

ஜூலை 4, வெள்ளி

தேவைப்பட்டால் விசாரணையில் காட்ட, காது கேட்காது என்று சர்ட்டிபிகேட் வாங்க ஜெசிந்தாவிடம் போனேன். வீடியோவைப் பார்த்திருக்கிறாள். கோபம் கொதிக்கிறது.

“கேஸ் போடலாம் சார்! காது கேக்காதவரை மெஷினைக் கழட்டச் சொல்லி எறக்கி விட்டிருக்காங்க. எனக்குத் தெரிஞ்ச வக்கீல் இருக்காரு. கம்பெனி காலில விழும். அந்தப் பொண்ணு கேட்டிருக்கணும்ல, இது என்னன்னு?”

பேச்சு சுவையாகத்தான் இருந்தது. பஸ்ஸில் வரும்போது மனசுக்குள் அதை உருட்டிப் பார்த்துக்கொண்டே வந்தேன். செவிடு என்று தெரிந்துதான் ஆகப்போகிறது என்றால், பாவப்பட்ட செவிடாக இருப்பது லாபம். திட்டின ஊரே உச்சுக்கொட்டும். சென்னியால்கூட அந்தச் சமயத்தில் என்னை மில்லில் இருந்து கழற்றிவிட முடியாது.

நன்றாகத்தான் யோசிக்கிறேன். இப்படி யோசித்துத்தான் மேலே வந்தேன்.

ஜூலை 6, ஞாயிறு

சாப்பிடும்போது தெய்வாத்தாளிடம் சொல்லிவிட்டேன். காதில் இருப்பது போன் இல்லை, மெஷின், இரண்டு வருசமாக. அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள், கை நிற்கவில்லை.

“இன்னுங்கொஞ்சம் சாதம் வெச்சுக்குங்க” என்றாள்.

வக்கீல் யோசனையையும் சொன்னேன். அப்போதுதான் நிமிர்ந்தாள்.

“ஏனுங்க, அந்தப் புள்ள என்ன தப்புப் பண்ணுச்சு?”

“இது என்னன்னு கேக்கல.”

“கேட்டுச்சுங்களே. நீங்க கால்னு சொன்னீங்க. வீடியோவுல இருக்குது.”

“அது... ஒரு பேச்சுக்கு.”

“பாத்துப் பாத்துச் சட்டைக்கு இஸ்திரி போட்டு வேலைக்குப் போற புள்ளையாட்ட இருக்குது. அதுக்கு வேலை போயிருமுங்களா?”

தெரியாது என்றேன். வலப்பக்கமே உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தாள். உனக்கு முன்னமே தெரியுமா என்று கேட்கவேண்டும் போல இருந்தது. கேட்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

விசாரணை முடிந்தது. லாப்டாப்பை மேசையில் வைத்து, இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்தேன். தெய்வாத்தாள் பக்கத்தில் ஸ்டூல் போட்டுக்கொண்டாள். திரையில் மூன்று பேர். நீதிபதிக்கு நல்ல தமிழ்.

லாப்டாப் என் மெஷினோடு சேர்ந்துகொண்டதால் அவர்கள் பேச்சு நேராக என் காதுக்குள் வந்தது. அவ்வளவு தெளிவாக மனுசக் குரலை நான் கேட்டே பல வருசமாகிறது. வேடிக்கை என்னவென்றால் வெளியே சத்தம் வரவில்லை. தெய்வாத்தாள் என் முழங்கையை இடித்தாள்.

“என்னுங்க சொல்றாங்க?”

“வணக்கம் சொல்றாங்க.”

“இப்ப?”

“இரு, கேட்டுச் சொல்றேன்.”

நீதிபதி வாசித்தார்: மூன்று முறை கேட்டுக்கொண்டும் இயர்ஃபோனைக் கழற்றவில்லை, ஒத்துக்கொள்கிறீர்களா?

சர்ட்டிபிகேட் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. அதைத் தூக்கிக் காட்டினேன். இது காது மெஷின் என்றேன். திரையில் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கம்பெனிக்காரர் முகம் வெளுத்தது. அவர் அவசரமாக, “பணிப்பெண்ணிடம் விளக்கம் கேட்போம் சார், இது எங்கள் தரப்பில் பெரிய தவறு” என்றார். கம்பெனி காலில் விழும் என்று ஜெசிந்தா சொன்னது சரிதான். நான் பேசாமல் இருந்திருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக நடந்திருக்கும்.

“என்னுங்க?” என்று தெய்வாத்தாள் இடித்தாள்.

“அந்தப் புள்ளை மேல தப்புங்கறாங்க.”

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

“அய்யா,” என்றேன் நீதிபதியிடம், “நான் சரக்கு வியாபாரி. மூட்டை மேல சீட்டு ஒட்டுவோம், உள்ள என்ன இருக்குதுன்னு. உள்ள ஒண்ணு வெச்சு மேல வேற சீட்டு ஒட்டுனா, வாங்குனவன் மேல குத்தம் சொல்ல முடியாதுங்க. நான் கால்னு சொன்னேன். கீழ வந்து ப்ளூடூத்னு எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அந்தப் பொண்ணு நான் ஒட்டுன சீட்டைப் படிச்சு நடந்துது. அதுகிட்ட விளக்கம் கேக்கறது நாயமில்லீங்க.”

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். “அங்கேயே சொல்லியிருக்கலாமே. என்ன தடுத்தது?”

“பக்கத்துச் சீட்டுல கூட்டுக்காரர் இருந்தாருங்க.”

“அவருக்குத் தெரியக்கூடாதா?”

“என்ற காதை நம்பித்தாங்க அவரு மில்லுப் போடறாரு.”

கம்பெனிக்காரர் சிரித்துவிட்டார். நீதிபதி சிரிக்கவில்லை. எச்சரிக்கையோடு தடை நீக்கம். ஷெரின் மீது நடவடிக்கை இல்லை என்று குறித்துக்கொள்ளச் சொன்னார். எல்லாவற்றையும் தெய்வாத்தாளுக்குத் திருப்பிச் சொன்னேன். காது கேட்கிறவளுக்குக் கேட்காதவன் எடுத்துச் சொல்கிறான். அவளுக்கும் அது தோன்றியிருக்கவேண்டும். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜூலை 11, வெள்ளி

வேறு யார் மூலமாகவும் போவதற்குள் நானே சொல்லிவிடவேண்டும் என்று வெள்ளகோவில் போனேன். சென்னி மில் இடத்தில் கல் இறக்கிக்கொண்டிருந்தான். நின்றபடியே சொன்னேன். கேட்டு முடிக்கும் வரை அவன் குறுக்கே பேசவில்லை. மில்லுக்கு இனி நான் ஆகமாட்டேன் என்பான் என்று காத்திருந்தேன்.

“எத்தனை நாளா?”

“ரெண்டு வருசம்.”

“அப்ப பிளேன்ல?”

“கழட்டி வெச்சிருவேன். ஒண்ணும் கேக்காது.”

“தூங்கல நீ.”

“இல்ல.”

கையில் இருந்த மண்ணைத் தட்டிவிட்டான். தட்டியது போதாமல் மறுபடியும் தட்டினான்.

“வள்ளி போனப்பறம் நான் ஆருகிட்டயும் பேசலடா. பசங்ககிட்டச் சொன்னா அழுவாங்க. ஊருல சொன்னா ஆளாளுக்குப் புத்தி சொல்லுவான். மேல போனா ஒருத்தனும் கூப்புடமாட்டான், போன் அடிக்காது, நீ பக்கத்துல இருப்பே. அதனால அங்க வெச்சு உங்கிட்டத்தான் சொல்லுவேன். ஆரம்பிச்ச ஒடனே கண்ண மூடிக்குவே. இவனுக்கு ரேட்டு பேசுனாத்தான் முழிப்பு வரும்னு நெனச்சுக்குவேன். அப்பவும் மறுக்கா அடுத்த மாசம் சொல்லிப் பாப்பேன்.”

நான் கீழே கிடந்த கல்லைப் பார்த்தபடி நின்றேன்.

“செவுடுன்னு சொல்லியிருந்தாக் கத்திப் பேசியிருப்பேன்லடா!”

இப்போதும் கத்தித்தான் சொன்னான். கல் இறக்குகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மில் பேச்சை நான் எடுத்தேன். “மில்லுக் கெடக்குது போ” என்று உள்ளே போய்விட்டான்.

ஜூலை 16, புதன்

கையெழுத்துப் போட்டிருக்கவேண்டிய நாள் போயிற்று. நாளை ஆடி பிறக்கிறது. ஆடியில் யாரும் எதையும் ஆரம்பிக்கமாட்டார்கள் என்பதால், ஏன் நின்றது என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. அந்தமட்டில் ஆடி நல்ல மாசம்.

ஜூலை 25, வெள்ளி

மண்டியில் நானே சொல்லிவிட்டேன். இப்போது எல்லோரும் என்னிடம் கத்துகிறார்கள். மெஷின் இருக்கிறது, கத்தவேண்டாம் என்றால் அதை ஒத்துக்கொள்ளவும் கத்துகிறார்கள். போட்டோ எடுத்துக்கொண்டவன் பார்த்தும் பார்க்காத மாதிரி போகிறான். நாலு வருசமாக என்னிடமே சரக்கு எடுக்கிற ஒரு பண்ணைக்காரர் இந்த வாரம் பக்கத்து மண்டியில் எடுத்தார். எதிர்பார்த்ததுதான். எதிர்பார்த்ததாலேயே வலிக்காமல் போகுமா என்ன?

சென்னி போன் எடுப்பதில்லை. மெசேஜ் போட்டேன்: நீ சொன்னதில் ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை, அதுதான் நிஜம், கேட்டுவிட்டுக் கண்ணை மூடவில்லை. இரண்டு நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

தெய்வாத்தாள் சமையலறையில் இருந்து கூப்பிட்டாள். அங்கிருந்தபடியே. “ஏனுங்க” என்றது கேட்டது.

ஆகஸ்ட் 18, திங்கள்

நேற்று ஆவணி பிறந்தது, இன்று சென்னி வந்துவிட்டான். மண்டியில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, நலம் விசாரிக்காமல், நேராக வியாபாரம்.

“மில்லு போடறோம். ஆனா கொள்முதல் போனு இனி உன்ற காதுக்குள்ள இல்ல. ஆபீஸ் மேசை மேல ஸ்பீக்கர்ல. ரெண்டு பேரும் உக்காந்து கேப்போம்.”

“எல்லா ரேட்டும் உனக்குத் தெரிஞ்சிருமே.”

“தெரியட்டும்.”

“பத்து வருசமாச் சேத்து வெச்ச ஆளுங்கடா அவங்க. எவன் எந்த ஊருல என்ன வெலைக்கு விடுவான்னு எனக்கு மட்டுந்தான் தெரியும்.”

“அதையத்தான் சொல்றேன். உனக்கு மட்டும் தெரிஞ்சது போதும்.”

அவன் குரலில் கோபம் இன்னும் மிச்சம் இருந்தது. ஒரு வியாபாரியின் கையில் இருக்கிறதெல்லாம் அவனுக்கு மட்டும் தெரிந்த விலைதான். அதைக் கொடுத்துவிட்டால் நான் பாதி ஆள். கொஞ்சம் இழுத்துப் பார்த்தேன், அவன் இறங்கி வரவில்லை. சரி என்றேன். வியாழக்கிழமை மும்பை போகலாம், திரும்பி வந்து கையெழுத்து என்றான்.

ஆகஸ்ட் 21, வியாழன். மும்பை

ஓட்டல் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

கதவு சாத்தியதும் பணிப்பெண் வந்தாள். ஷெரின் இல்லை, வேறு பெண். காதைக் காட்டினாள்.

“காது மெஷின்மா. காது கேக்காது எனக்கு. போன் ஃப்ளைட் மோட்ல இருக்குது, பாத்துக்க.”

“ஓகே சார், அப்படியே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டாள். இதற்குத்தான் ஒரு விமானத்தைத் திருப்பினேன்.

நடைபாதைக்கு அந்தப் பக்கத்து அம்மாள் எட்டிப் பார்த்து, “எங்க வாங்குனீங்க? எங்க ஊட்டுக்காரரும் எதுக்கெடுத்தாலும் ஆங் ஆங்கறாரு” என்றாள். பக்கத்தில் இருந்த வீட்டுக்காரர், “என்ன சொல்றா?” என்றார். ஜெசிந்தா நம்பரைக் கொடுத்தேன்.

விமானம் மேலே போய்ச் சமமாகப் பறக்க ஆரம்பித்தது. சென்னி பேசவில்லை. நானும் காத்துக்கொண்டிருந்தேன். அவன் ஆரம்பிக்கமாட்டான் என்று புரிந்தது. எத்தனையோ முறை ஆரம்பித்துப் பார்த்துவிட்டான், இனி என் முறை.

“வள்ளியப் பத்திச் சொல்லுடா” என்றேன்.

நேராகப் பார்த்தபடியே இருந்தான். அப்புறம் வாய் அசைந்தது. நான் மெஷினில் சத்தத்தை மேலே ஏற்றி வைத்தேன், இஞ்சின் சத்தமும் கூடவே ஏறியது. இதை ஜெசிந்தாவிடம் சொல்லவேண்டும்: என்ன விலை கொடுத்து வாங்கினாலும் விமானத்துக்குள் இது பாதிக்குத்தான் உதவும். ஆஸ்பத்திரி என்பது கேட்டது. கடைசி என்பது கேட்டது. நடுவில் இருந்ததெல்லாம் உறுமலில் போய்விட்டது. அவன் கண் ஈரமாக இருந்தது. தலையாட்டிவிட்டால் போதும், கேட்ட மாதிரி ஆகிவிடும். இரண்டு வருசமாகத் தலையாட்டியே எல்லோரையும் சமாளித்தவன் நான்.

“கேக்கல சென்னி. மறுக்கா சொல்லு.”

அவன் திரும்பிப் பார்த்தான். என் பக்கம் சாய்ந்து மறுபடியும் சொன்னான்.

“இன்னும் கேக்கல.”

“போண்டா வேணும்னாடா!” என்று கத்தினான். “கடைசி நாளு, மைசூர் போண்டா வேணும்னா! டாக்டரு குடுக்காதீங்கன்னாரு, நான் வாங்கிக் குடுக்கல!”

நாலு வரிசை திரும்பியது. பணிப்பெண் தள்ளுவண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். சென்னி யாரையும் பார்க்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, அதே சத்தத்தில், ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த கடையில் எந்த நேரத்துக்குப் போண்டா போடுவார்கள் என்பதில் இருந்து ஆரம்பித்தான். மும்பை வரும் வரை நிறுத்தவில்லை. தொண்டை கட்டிவிட்டது அவனுக்கு. இப்போது பக்கத்துக் கட்டிலில் குறட்டை விட்டுத் தூங்குகிறான். நன்றாகக் கேட்கிறது.